எஸ்தர் அக்கா அழிக்காத எழுத்துகள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. "அங்கிள், கடலூர்லேர்ந்து ஜெனி பேசறேன். எஸ்தர் பொண்ணு. அம்மா விடியகாலம் தவறிட்டாங்க" என்றது குரல். "எந்த எஸ்தர்மா?" என்று கேட்டேன். ஆறு வருடம் ஒரே கடையில் கூட வேலை செய்தவரைப் பற்றி என் வாயிலிருந்து வந்த கேள்வி இது. தெரியாமல் கேட்கவில்லை. அந்தப் பெயர் காதில் விழுந்ததும் உள்ளே ஏற்பட்ட குறுகுறுப்பை மறைக்கக் கேட்டேன். பாவம் அந்தப் பெண், "ஒங்க கடையில தீசிஸ் அடிச்சாங்களே அங்கிள், அவுங்க" என்று பொறுமையாக விளக்கினாள்.

சிதம்பரத்தில் என் மாமா நடத்திய தட்டச்சுக் கடைக்கு 2004இல் எஸ்தர் அக்கா வந்தார். தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் வருவார். நாங்கள் எழுத்துருவை, அதாவது ஃபாண்டை, அதன் பெயரைச் சொல்லித்தான் கேட்போம். அக்கா ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார். பருத்தது தடியன், மெலிந்தது சன்னம், ஆய்வேடுகளுக்கு எப்போதும் போடுவது சம்சாரி. "சம்சாரிதான் தம்பி எத்தினி பக்கம் வந்தாலும் கண்ண உறுத்தாது" என்பார். கடைக்கு வந்த மாணவர்கள்கூட "அக்கா, சம்சாரியிலயே போடுங்க" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. வேலை முடித்துக் கொடுக்கும் குறுந்தகட்டில் கோப்பு எந்தக் கணினியிலும் தமிழாகத் தெரியத் தேவையான எழுத்துருவையும் சேர்த்துப் பதிந்துவிடுவார். எனக்கு அது பிடிக்காது. இப்படி வாரிக் கொடுத்தால் அடுத்த வேலைக்கு வேறு கடைக்குப் போய்விட மாட்டார்களா என்று கத்துவேன். "பூட்ட குடுத்துட்டு சாவிய நாம வச்சிக்கிறதா? நல்லாருக்கே ஞாயம்!" என்று சிரித்துவிட்டு மறுபடியும் அதையேதான் செய்வார்.

2008இல் எனக்குப் புத்தி கொழுத்தது. மாணவர்களின் பென் டிரைவ்களோடு வாரம் ஒரு வைரஸ் வந்துகொண்டிருந்தது. நண்பன் ஒருவன் விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் குறுந்தகடு கொடுத்து, இதில் வைரஸ் தொல்லையே இல்லை என்றான். அந்த வாரம் அக்காவின் தங்கைக்குக் கல்யாணம். மூன்று நாள் விடுப்பில் கடலூரில் இருந்தார். ஒரே நாளில் இரண்டு கணினிகளையும் துடைத்து லினக்ஸ் போட்டேன். கோப்புகளையெல்லாம் கவனமாகப் பிரதி எடுத்தேன். எழுத்துருக்கள் தனியாக ஓர் இடத்தில் இருக்கும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. மாமாவிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

அக்கா திரும்பி வந்த அன்றே கலைவாணியும் வந்தாள். குமராட்சிப் பெண். கொள்ளிடக் கரை ஊர்ப்பெயர்களைப் பற்றிய அவளுடைய ஆய்வேட்டை அக்கா இருநூறு பக்கத்துக்கு மேல் அடித்து முடித்திருந்தார். திங்கட்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். கோப்பைத் திறந்தேன். துடைத்ததில் சம்சாரியும் போயிருந்ததால் பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறிகளும் குப்பையாகக் கொட்டிக்கிடந்தன. கலைவாணி அழத் தொடங்கினாள். உள்ளேயிருந்து மாமா எட்டிப்பார்த்து, "என்னாடா ஆச்சு?" என்றார். "எஸ்தர் அக்கா லீவுல போறதுக்கு முன்னாடி சிஸ்டத்துல என்னமோ அழிச்சிட்டாங்க மாமா" என்றேன். கணினியைத் தொட்டுப் பழகாத மாமா அதை நம்பிவிட்டார்.

அக்கா பக்கத்தில்தான் நின்றிருந்தார்.  "அழுவாத பாப்பா, ஞாயித்துக்கெழம வா, ரெடியா இருக்கும்" என்று கலைவாணியை அனுப்பினார். அவள் போன பிறகு என்னிடம், "எம் பேர சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவ என்ன திரும்பிப் பாத்திருக்கலாம் தம்பி" என்றார். அவ்வளவுதான். நான்கு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் இணையத்தில் தேடினேன். அதே பெயரில் கிடைத்ததைப் போட்டால் பாதி வரி தமிழாகும், மீதி சிதறும். மூன்றாம் நாள் காலை அக்கா, "லால்பேட்ட பாய் ஒருத்தருக்கு மதரஸா ஆண்டு மலர் அடிச்சிக் குடுத்தனே, அந்த சீடியில சம்சாரி இருக்கும்" என்று கிளம்பிவிட்டார். சாயங்காலம் பஸ் தூசியோடு வந்து இறங்கினார். கையில் குறுந்தகடு, கூடவே அந்த வீட்டில் கட்டிக் கொடுத்த நோன்புக் கஞ்சி. "நோம்பு வச்சிக்கிட்டு பரண் மேல ஏறித் தேடிக் குடுத்தாங்க தம்பி, பாவம்" என்றார். எழுத்துருவை லினக்ஸில் உரிய இடத்தில் போட்டுவிட்டுக் கோப்பைத் திறந்தேன். குப்பையாகக் கிடந்த பக்கமெல்லாம் ஊர்ப்பெயர்கள் எழுந்து நின்றன. "தோ, வந்துட்டாங்க பாரு எல்லாரும்!" என்று அக்கா கைதட்டினார்.

மாமாவிடம் உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்த கலைவாணி, "நல்லவேள சார், நீங்க இருந்தீங்க" என்று எனக்கு நன்றி சொன்னாள். வாங்கி வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து ஆய்வேடுகளை என்னிடம் கொடுக்கச் சொல்லிவிட்டார் மாமா. அக்காவுக்கு பயோடேட்டாவும் ஜெராக்ஸும். "எஸ்தர் வேணாம், இன்னொரு தபா எதையாவது அழிச்சிடப் போவுது" என்று அவர் சொன்னது அக்காவின் காதிலும் விழுந்தது. நகல் எடுக்கும் இயந்திரத்தின் முன் இரண்டு வருடம் நின்றார். 2010இல் கடலூரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை கிடைத்துப் போனார். போகும்போது எனக்கும் மாமாவுக்கும் கேக் வாங்கி வந்தார். நான் அதைத் தின்றேன்.

அடக்கத்துக்குக் கடலூர் போயிருந்தேன். கலைவாணி வந்திருந்தாள், இப்போது கல்லூரியில் ஆசிரியை. ஜெனியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்கம்மா தெரியாம அழிச்சிட்டாலும், அவுங்களே அலைஞ்சி சரி பண்ணிக் குடுத்தாங்கன்னு அப்பறமாத்தான் கேள்விப்பட்டேம்மா. அந்த மனசு யாருக்கு வரும்? இல்லிங்களா சார்?" என்றாள். ஜெனி என்னைப் பார்த்தாள். கல்லறைத் தோட்டத்தில், அம்மாவை மண்ணுக்குள் வைத்துவிட்டு நின்ற பிள்ளை. நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கலைவாணி, மாமா, அந்தக் கடைக்கு வந்துபோன எல்லாரும் படியுங்கள். ஜெனி, முக்கியமாக நீ. உன் அம்மா எதையும் அழிக்கவில்லை. அழித்தவன் நான். அவரிடமிருந்து ஞாபகத்துக்கென்று எடுத்துவைத்த பொருள் எதுவும் என்னிடம் இல்லை. என்னுடைய தப்பு ஒன்று 2008இலிருந்து இந்த நான்கு வருடமும் அவர் பெயரில் இருந்தது. அதைத்தான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், அவர் போன பிறகு.