சாவி இல்லாத பிட்காயின்

பல் செட் செய்யும் லேப்பில் மெழுகு வேலை பார்ப்பவள் அவள். கணவர் விபத்தில் போய்ச் சேர்ந்த பிறகு, அவர் எப்போதோ வாங்கிப் போட்ட பிட்காயின் மட்டும் இணையத்தில் அப்படியே கிடந்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எடுக்க ரகசியச் சாவி வேண்டும். அதைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

ஒரு மதியம், கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் கொழுந்தன் லேப்புக்கே வந்துவிட்டான்.

"குவாண்டம் கம்ப்யூட்டர்னு ஒண்ணு வருது அண்ணி. இப்ப பயமில்ல. ஆனா அது நல்லா வளர்ந்துட்டா, அண்ணன் போட்ட மாதிரி பழைய பூட்டையெல்லாம் உடைச்சிடுமாம். சாவி இருக்கறவங்க காசைப் புதுப் பூட்டுக்கு மாத்திக்குவாங்க. நம்மால முடியாதே."

அவள் கையிலிருந்த மெழுகு ஆறி இறுகியது.

"அப்ப அந்த மெஷினை வச்சு நாமளே திறக்கலாமே தம்பி?"

"நாம எங்க, அது எங்க! முதல்ல வர்றவன் அள்ளிட்டுப் போயிடுவான்."

"திருட்டுன்னு புகார் குடுத்தா?"

"நம்மளதுன்னு காட்டவே அந்தச் சாவிதானே அண்ணி வேணும்."

"கல்யாண நாளையே மறக்கிற மனுஷன், இதுல மட்டும் இவ்வளவு கவனமா இருந்திருக்காரு" என்றாள் அவள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

என்றாவது சாவி கிடைக்கும் என்று அந்தப் பணத்தை நம்பி மேல்படிப்புக்குக் காத்திருந்த மகளிடம் அன்று மாலை, "அதை மறந்துடும்மா, வேற வழி பாப்போம்" என்றாள். மகள் தட்டு கழுவப் போனாள்.

மறுநாள் கண் விழித்ததும் அவள் கை தானாகவே போனைத் தேடியது. காசு இருந்த இடத்திலேயே இருந்தது. போனைக் கீழே வைத்தவள், மறுபடியும் எடுத்து ஒருமுறை பார்த்தாள்.