மாலை போட்ட கோல் மன்னன்

உலகக் கோப்பைக் கோடை. ஜெர்மனியின் வுப்பர்டால் ரயில் நிலையத்துக்கு எதிரே, ஒரு யாழ்ப்பாணத் தமிழரின் சிற்றுண்டிக் கடையில் மீன் ரோல்ஸ் வாங்க நுழைகிறேன். சுவரில், பள்ளிக்காலம் முதல் நான் கொண்டாடும் இங்கிலாந்துக் கால்பந்து வீரரின் படம். அதற்குச் சந்தன மாலை, பொட்டு, எதிரில் சிறு விளக்கு. எனக்குப் பகீரென்கிறது.

"எப்பங்க இறந்தார்?" என்று கடைக்காரரிடம் கேட்கிறேன்.

"சாகேல்லைத் தம்பி. இந்த வருசம் விளையாட்டை விட்டிட்டார்."

"உயிரோட இருக்கறவருக்கு மாலையா?"

"எத்தினை வருசமாக் கோல் அடிச்ச மனுசன்! இப்ப கோட்டுப் போட்டுக்கொண்டு, மற்றவை அடிக்கிறதைப் பற்றிக் கதைக்கிறார். இதுவும் ஒரு சீவியமோ?"

அந்த நேரம் பார்த்து டிவியில் அதே வீரர் தோன்றி, ஆட்டத்தை அலசத் தொடங்குகிறார்.

"நல்லாத்தானே பேசறார்" என்கிறேன்.

கடைக்காரர் கரண்டியை உயர்த்துகிறார். "கொஞ்சம் பேசாமல் இருங்கோ, செத்தவர் கதைக்கிறார்."