செய்முறைப் பரீட்சைக்குப் புறப்பட்ட நண்டு

"நீங்க கெம்பஸ் போன ஆள்தானே, ஏன் பட்டம் எடுக்கல்ல?" என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். "நண்டால வந்த வினை" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

எண்பதுகளில் மட்டக்களப்புக்கு அப்பால் இருந்த ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில் நான் விலங்கியல் படித்தேன். பல்கலைக்கழகம் என்றதும் பெரிய கோபுரங்களை நினைக்க வேண்டாம். தகரமும் ஓடும் கலந்த நீளக் கட்டடங்கள், மரத்தடியில் வகுப்பு, நுணுக்குக்காட்டியைப் பார்க்க வரிசை. மழை பெய்தால் விரிவுரையாளர் கத்திக் கத்திப் பாடம் சொல்லுவார், எங்களுக்குக் கேட்காது, கேட்டதுபோல் தலையாட்டுவோம். எங்கள் ஊர் கல்முனைக்குடியிலிருந்து போன பெண்பிள்ளைகள் மிகக் கொஞ்சம். விடுதியில் என் அறைக்காரி ஒரு தமிழ்ப் பிள்ளை. நான் நோன்பு பிடித்தால் அவள் சஹர் சாப்பாட்டுக்கு என்னை எழுப்பிவிட்டுத்தான் தூங்குவாள். விடிய விடியப் படிக்கிற பிள்ளை அவள்.

இரண்டாம் வருடம் எனக்குக் கலியாணம் முடித்து வைத்தார்கள். மாப்பிள்ளை வரிப்பத்தான்சேனையில் வேளாண்மை செய்கிறவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி அவர்தான் என் வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட மனிதர், நான் படிக்கிறதை என்னைவிடப் பெரிதாக எடுத்துக்கொண்டார். திங்கட்கிழமை விடிய என் பெட்டியைச் சைக்கிளில் கட்டி பஸ் ஏற்றிவிடுவார். நடத்துனரிடம், "பார்த்து இறக்கிவிடுங்க, படிக்கிற ஆள்" என்று சொல்லுவார். எனக்கு வெட்கத்தில் உயிர் போகும்.

இறுதி வருடம் ஒவ்வொருவரும் தங்கள் ஊர்ப் பிராணி ஒன்றைச் சேகரித்துக் கொண்டுவர வேண்டும் என்றார்கள். நான் வயல் நண்டை எடுத்தேன். எங்கள் வீட்டில் நண்டு தின்பதில்லை. வயல்காரருக்கோ அது பரம எதிரி. வரம்பில் வளை தோண்டினால் இரவோடிரவாகத் தண்ணீர் அடுத்தவன் வயலுக்குப் போய்விடும். கண்ட இடத்தில் மண்வெட்டிப் பிடியால் ஒரே அடி. அப்படி அடித்துப் பழகிய என் புருசனின் கை, எனக்காக நண்டைக் கால் முறியாமல் பிடிக்கப் பழகியது. கால் ஒன்று குறைந்தாலும் எங்கள் விரிவுரையாளர் ஏற்கமாட்டார். வயல் வட்டையில் இவரைக் கண்டவர்கள், "என்ன, பொஞ்சாதிக்குக் கறிக்கா?" என்று நையாண்டி பண்ணுவார்களாம். "இல்ல, பட்டத்துக்கு" என்பாராம் இவர்.

எழுத்துப் பரீட்சைகள் முடிந்தன. செய்முறைப் பரீட்சை மட்டும் பாக்கி. வெளியிலிருந்து ஒரு பரீட்சகர் வருவார். நான் சேகரித்த நண்டுகளை மேசையில் வைத்து, அவர் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரே ஒரு நாள் வேலை. நான் வீட்டுக்கு வந்து படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பின்னேரம் என் புருசன் மண்பானையில் ஒரு நண்டைக் கொண்டுவந்து கிணற்றடியில் வைத்தார். "இது நல்ல பெரிசு" என்றார். அடுத்த நாள் நெல்லுச் சூடடிக்கப் போன இடத்தில், வாய்க்கால் கட்டில் உழவு மெசின் புரண்டு அவர் மௌத்தானார்.

மையித்து வீட்டில் சத்தமிட்டு அழக்கூடாது என்று சொல்லி வளர்த்தவர்கள் நாங்கள். நான் அழவில்லை. வெள்ளைச் சேலை உடுத்தி உள்ளறையில் இத்தா இருந்தேன். புருசன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் பெண் வெளியே போகாமல் இருக்கிற கடமை அது. வயிற்றில் பிள்ளை இருந்தால் கணக்கு வேறு. ஆகவே வந்த பெண்கள் எல்லாரும் என் காதுக்குள் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போனது.

அவருடைய தாய், என் மாமி, எனக்குத் துணையாக எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். கிணற்றடிப் பானையை முதலில் கண்டவர் அவர்தான். நண்டு உயிரோடு இருந்தது. அதன் வயிற்று மடிப்புக்குள் குஞ்சுகள் மொய்த்துக்கொண்டிருந்தன. மற்ற நண்டுகளைப் போல இதையும் கொன்று, கெடாமல் இருக்கப் போத்தலில் போமலினில் போட வேண்டும் என்று நான் சொன்னேன்.

"வேணாம் மகள். புள்ளத்தாச்சி" என்றார்.

நண்டைக் கண்டாலே முகத்தைச் சுழிக்கிற மனுசி, அன்றிலிருந்து தண்ணீர் மாற்றினார், சோற்றுப் பருக்கை போட்டார்.

பரீட்சை நாள் நெருங்கியது. போகலாமா, கூடாதா என்று வீட்டுக்குள் ஒரே கதை. வாப்பா மௌலவியிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார். தேவைக்குப் பகலில் போகலாமாம், பொழுது படுமுன் வீட்டுக்குள் வந்துவிட வேண்டுமாம். உம்மா, "ஊர் என்ன சொல்லும்?" என்று ஆரம்பித்தார். பிறகு எல்லாரும் மாமியின் முகத்தைப் பார்த்தோம். மகனைப் பறிகொடுத்தவர் அவர். அவர் வேண்டாம் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை.

மாமி என்னிடம் கேட்டார்: "அந்தச் சோதின எடுக்கிற சேர்மார் நண்டப் பாப்பாங்களா?"

"ஓம் மாமி. ஒவ்வொண்டா எடுத்துப் பாப்பாங்க."

"அப்ப போவம். நானும் வாறன்."

திரை போட்ட வாடகைக் காரில் விடியப் புறப்பட்டோம். முன்னால் வாப்பா, பின்னால் நாங்கள் இருவர். போத்தல்கள் பெட்டிக்குள். பானை மாமியின் மடியில். அதை ஏன் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டதற்கு, "கடைசியாப் புடிச்சது இதானே. இதையும் காட்டு" என்றார். நான் திரைக்குள் இருந்து விடைகளை முணுமுணுத்துக்கொண்டு போனேன். எத்தனை சோடிக் கால், மூச்சு விடுகிற பூ எங்கே, ஆணையும் பெண்ணையும் எப்படிப் பிரிப்பது. எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

கல்லாற்றைத் தாண்டியதும் கார் நின்றது. பாதைக்குக் குறுக்கே மரம் வெட்டிப் போட்டிருந்தது. தூரத்தில் டயர் எரியும் புகை. எதிரே வந்தவர்கள், கலவரம் என்று கையைக் காட்டித் திரும்பச் சொன்னார்கள். டிரைவர் வாப்பாவை அண்ணன் முறை வைத்து, "காக்கா, இனிப் போகேலா" என்றார். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று நான் கெஞ்சினேன். ஒரு வேலியோரம் காரை ஒதுக்கி, மத்தியானம் லுஹர் தொழுகை நேரம் வரை காத்திருந்தோம். பாதை திறக்கவில்லை.

"சேர்மார் நாளைக்கும் இரிப்பாங்களா?" என்று மாமி கேட்டார்.

"இல்ல மாமி. வந்தவர் இண்டைக்கே போயிருவார்."

பொழுது படுமுன் வீட்டுக்குள் வந்துவிட்டோம். மௌலவி சொன்ன நிபந்தனையை மீறவில்லை. அடுத்த வருடம் வந்து பரீட்சை எழுதலாம் என்று பல்கலைக்கழகத்திலிருந்து அறிவித்தார்கள். அடுத்த வருடம் சண்டை முற்றி, எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அந்தப் பாதையால் போவதே நின்றுபோனது. பிறகு பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கப் போனேன். பட்டம் இல்லாத ரீச்சர். என் அறைக்காரி பட்டம் பெற்றாள் என்று கேள்விப்பட்டேன். சந்தோசப்பட்டேன், பொறாமையும் பட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மாமி பானையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். "நம்மட புள்ள புடிச்சத ஒருத்தரும் பாக்கல்லியே" என்றார். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. போத்தல்களைத் திறந்து, நண்டுகளைத் தாம்பாளத்தில் வரிசையாக வைத்து, பரீட்சகருக்குச் சொல்ல வைத்திருந்த எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னேன். போமலின் நெடியில் கண் எரிந்தாலும் மாமி எழும்பவில்லை. ஒவ்வொரு நண்டாகக் கையில் எடுத்துக் கால்களைத் தடவிப் பார்த்தார். "ஒண்டும் முறியல்ல" என்றார்.

இத்தா முடிந்ததும் மாமி பானையை எடுத்துக்கொண்டு தன் ஊருக்குப் போனார்.

அடுத்த விதைப்புக்குப் பிறகு நான் வரிப்பத்தான்சேனைக்குப் போனேன். மாமி என்னை வட்டைக்குக் கூட்டிப்போனார். அவருடைய இளைய மகன் வரம்பில் நின்று ஏசிக்கொண்டிருந்தார். மூலையில் நண்டு வளை போட்டு, கட்டிய தண்ணீர் அடுத்த வயலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மண்ணை அள்ளி அடைப்பதற்கு அவர் மண்வெட்டியை ஓங்கினார்.

"அத மூடாத மகன்" என்றார் மாமி. "உன்ட காக்கா புடிச்சது. நான்தான் கொண்டுவந்து உட்ட."

அவர் மண்வெட்டியை இறக்கினார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் அந்த வரம்பில் குந்தியிருந்து, யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று, சத்தம் போட்டு அழுதேன்.