ராஜா வேஷம்

உடன்குடி கருப்பட்டிக் கடை சீனித்தாய் பொய் பேசிப் பழகியவள் இல்லை. நம்பாதவர்கள் கடைத்தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். அவள் சொன்னது ஒரே ஒரு பொய். அதுவும் பட்டப்பகலில், ஓடுகிற வண்டிக்குள். அதற்குப் பிறகு நடந்ததில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் கோயில் தசரா நடந்துகொண்டிருந்தது. மகள் பானுப்ரியாவைப் பெண் பார்க்கச் சென்னையிலிருந்து மாப்பிள்ளையின் பெற்றோர் வருவதாக இருந்தது. சிவப்பிரகாஷ், முருகேஸ்வரி. பூர்வீகம் இந்தப் பக்கம்தான் என்றாலும் இரண்டு தலைமுறையாகச் சென்னைவாசிகள். வருகிற வழியில் பார்க்க வேண்டிய இடங்களையும் பார்த்துவிடுகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். சீனித்தாயே வாடகை வண்டி பேசி வைத்தாள். திருநெல்வேலி ஸ்டேஷனில் ஏற்றிக்கொண்டு ஆதிச்சநல்லூர், குலசேகரன்பட்டினம், மணப்பாடு, பிறகு வீடு.

முந்தின நாள் கொழுந்தன் ராஜபாண்டி கடைக்கு வந்தான்.

"மதினி, அண்ணன் நேர்ச்சையில ஒரு வருசந்தான் பாக்கி. நான் போட்டு முடிச்சிருதேன்."

அவள் கணவர் தங்கதுரை, முத்தாரம்மனுக்கு மூன்று வருடம் பிச்சைக்காரர் வேஷம் போடுவதாக நேர்ந்திருந்தார். கந்தல் சட்டை, முகமெல்லாம் கரி, கையில் தகர டப்பா. கடை கடையாகக் கையேந்திச் சேர்ந்ததைக் கோயிலில் செலுத்த வேண்டும். டப்பா வெறுமையாகக் குலுங்கக் கூடாது என்று கடைத் தராசின் பித்தளை எடைக்கல் ஒன்றை அதில் போட்டு வைத்திருப்பார். காசுச் சத்தத்துக்கு நடுவே அது மட்டும் 'ணங்' என்று தனியாகக் கேட்கும். இரண்டு வருடம் போட்டார். மூன்றாவது தசராவுக்கு அவர் இல்லை. மாரடைப்பு. அந்த வருடம் தீட்டில் போயிற்று.

"சம்பந்திமாரு வார நேரத்துலயா? அவுக முன்னால நீ டப்பாவத் தூக்கிட்டு நிக்கப் போறியாக்கும். அடுத்த வருசம் பாப்போம்."

"அம்மன்ட்டயே தவணை சொல்லுதியளா மதினி? யாவாரின்னா இப்படில்லா இருக்கணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். போகும்போது சிரிக்கவில்லை.

மறுநாள் காலை. வண்டியின் முன் சீட்டில் கோயிலுக்கான பழக்கூடையும் பூவும் இருந்தன. நடு சீட்டில் சென்னைக்காரர்கள். சீனித்தாய் மரியாதைக்குப் பின் சீட்டில் தனியாக ஏறிக்கொண்டாள். செய்துங்கநல்லூர் தாண்டியதும் வேஷம் கட்டிய கூட்டம் ஒன்று மேளத்தோடு எதிரே வந்தது. காளி, குரங்கு, போலீஸ். கடைசியில் ஒரு பிச்சைக்காரர்.

"நல்லா இருக்கிறவங்களும் இப்படிப் பிச்சை எடுப்பாங்களா?" சிவப்பிரகாஷ் தணிந்த குரலில் கேட்டு முகம் சுளித்தார்.

முருகேஸ்வரி பின்னால் திரும்பினாள். "உங்க வீட்டுக்காரரும் இருந்தவரைக்கும் வேஷம் போடுவார்னு தரகர் சொன்னாரே. என்ன வேஷம்?"

சீனித்தாய் கடந்துபோகிற தகர டப்பாவைப் பார்த்தாள்.

"ராஜா வேசம்," என்றாள். "கிரீடம், ஜரிகைச் சட்டை, கையில வாளு... பாக்க லெச்சணமா இருப்பாக."

ணங்.

பக்கத்தில்தான் கேட்டது. குனிந்து பார்த்தாள். சீட்டுக்கு அடியில் ஒன்றும் இல்லை. வண்டியில் ஏதோ ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆதிச்சநல்லூரில் கண்ணாடித் தரைக்குக் கீழே முதுமக்கள் தாழிகள் தெரிந்தன. "செத்தவங்களுக்கு நெல்லு, பாத்திரம் எல்லாம் வச்சுப் புதைச்சிருக்காங்க," என்று சிவப்பிரகாஷ் பலகையைப் பார்த்துச் சொன்னார். சீனித்தாய் குனிந்தாள். கண்ணாடியில் அவளுடைய நிழல் விழுந்தது. அதை ஒட்டி இன்னொரு நிழல். யாரோ பார்க்க வந்தவர் என்று ஒதுங்கி வழிவிட்டாள்.

திரும்பினால் யாரும் இல்லை.

குலசேகரன்பட்டினத்தில் நூறு டப்பாக்கள் குலுங்கின. அதனால் அங்கே அவளுக்குப் பயம் வரவில்லை. சாமி கும்பிட்டு வெளியே வந்ததும் இளநீர் சொன்னாள். கடைக்காரர் ஐந்து காய்களை வெட்டி வைத்தார்.

"நாலுதான் அண்ணாச்சி."

"அஞ்சு பேரு நிக்கியளே."

டிரைவர் மாடக்கண்ணு சிரித்தான். "அண்ணாச்சிக்கு வெயிலு மண்டையில ஏறிட்டு. விடுங்கக்கா, அதையும் நானே குடிச்சிருதேன்."

அவன் இரண்டையும் குடித்தான். முருகேஸ்வரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சீனித்தாயைப் பார்த்தாள்.

மணப்பாட்டில் கடலோர மணல்குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில். சென்னைக்காரர்கள் உள்ளே போனார்கள். சீனித்தாய் மட்டும் வெளியே சுவரோரம் நின்றாள். உச்சி வெயில். கீழே அலை. கண்ணுக்கெட்டிய தூரம் ஆள் இல்லை.

ணங்...

மணலில் காலடிச் சத்தம் கேட்காது. கேட்கவும் இல்லை. ஆனால் டப்பா நெருங்கி வந்தது.

ணங்... ணங்...

கரி வாடை. அதோடு அவருடைய வியர்வை வாடை.

எதிரில் வந்து நின்றது.

அவள் கண்ணை இறுக மூடினாள்.

டப்பா குலுங்கியது. ஒரு தடவை. மெதுவாக. கேட்கிற மாதிரி.

முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போலாமா?" என்றது ஒரு குரல். முருகேஸ்வரி. சீனித்தாய் கண்ணைத் திறந்தாள். வெயில் மட்டும்தான் நின்றது.

வீட்டில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. பானுப்ரியா காபி கொடுத்தாள். சமையலறையில் அம்மாவின் தோளைத் தொட்டுப் பார்த்தாள். "எம்மா, புதுச்சேலையில இவ்வளவு கரி எங்கன பட்டுச்சு?" இடது தோளிலிருந்து முழங்கை வரைக்கும் இருந்தது. யாரோ நெருக்கி உட்கார்ந்து வந்த மாதிரி.

சாயங்காலம் ஸ்டேஷனில் அவர்களை ரயிலேற்றிவிட்டு, சீனித்தாய் அதே பின் சீட்டில் ஊர் திரும்பினாள்.

இரண்டு நாள் கழித்து முருகேஸ்வரி போன் செய்தாள்.

"எங்களுக்குப் பரிபூர்ண சம்மதம். பொண்ணு தங்கம். ஆனா ஒண்ணு மனசுல கிடக்கு, கேட்டுடறேன். உங்க பக்கத்துல உக்காந்து வந்தாரே, மூஞ்சியெல்லாம் கரி பூசிக்கிட்டு... யாரு அவரு? விரதத்துல இருக்கிற சொந்தக்காரர், பேசக் கூடாது போலன்னு நாங்களும் பேசல."

சீனித்தாயின் கை இடது தோளுக்குப் போனது.

"எங்ககிட்ட அவரு எதுவும் கேக்கல. போன எடத்துல எல்லாம் உங்ககிட்ட மட்டும்தான் டப்பாவை நீட்டினாரு. ஒரு ரூபா போட்டிருக்கலாம் நீங்க. அவருக்கு வெட்டின இளநீரைக்கூட டிரைவர் குடிச்சுட்டான். வீட்டு வாசல் வரைக்கும் வந்தாரு, யாரும் உள்ள வான்னு சொல்லல. எங்களுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"அவுக..." என்றாள் சீனித்தாய். "அவுக எங்கன எறங்குனாக?"

"எறங்கலையே. நாங்க ஸ்டேஷன்ல எறங்கினப்பவும் வண்டியில உங்க சீட்டுலதான் இருந்தாரு."

சீனித்தாய் திரும்பி வாசலைப் பார்த்தாள்.

"பாவம், நாள் பூரா உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு வந்தாரு. உங்க வீட்டுக்காரர் ராஜா வேஷம்னு நீங்க சொன்னப்ப மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு."