ஒரு பிடி மண்ணும் எடுக்காதவர்கள்

கடலோரக் களப்பில் உல்லாசப் பயணிகளுக்கு மிதக்கும் அறைகள் கட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டு கம்பனிக்காரர்கள் கற்பிட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தபோது, நாங்கள் வட்டிலப்பம் அவித்துக் கொடுத்தோம். அவித்தவர்களில் நானும் ஒருத்தி. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

பள்ளிவாசல் மண்டபத்தில் கூட்டம் நடந்தது. பெண்கள் திரைக்குப் பின்னால் இருந்தோம். கம்பனியின் மனேஜர் எங்கள் ஆள்தான். சலாம் சொல்லித்தான் தொடங்கினார். கரையை மண் போட்டு நிரப்பினால் தண்ணீரோரக் கண்டல் மரம் சாகும், அதன் வேருக்குள் வளரும் மீன்குஞ்சு சாகும் என்றார். அதனால் பீப்பாய்களின் மேல் பலகை அடித்து, தண்ணீரிலேயே அறைகளை மிதக்க விடுவார்களாம். அவர் சொன்னதில் பொய் இல்லை. வேறோர் ஊரில் ஹோட்டல் கட்டக் கரையை நிரப்பியதையும், அங்கே கண்டல்கள் நின்றபடியே கருகியதையும் நாங்கள் கண்டிருந்தோம்.

என் கணவர் எழும்பினார். களப்பில் இறால் பிடிப்பவர். போர் நடந்த தொண்ணூறாம் ஆண்டில், முஸ்லிம் என்பதற்காக ஆயுதக்காரர்களால் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, அகதி முகாமில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தவர். எங்கள் ஊரில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான். காணி போய்விடும் என்ற பயம் எங்களை விட்டு ஒருநாளும் போனதில்லை.

"எங்கட காணியில கைய வெப்பீங்களா?" என்று கேட்டார்.

"ஒரு பிடி மண்ணும் எடுக்க மாட்டோம், நானா. எங்களுக்குத் தண்ணி மட்டும் போதும்." மனேஜர் அண்ணன் முறை வைத்தே பேசினார்.

மண்டபமே சிரித்தது. தண்ணீரை யார் தூக்கிக்கொண்டு போவது? திரைக்கு இந்தப் பக்கம் நாங்களும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம். மண் ஏற்றிய லொறிகள் வந்திருந்தால் முன்னால் படுத்து மறித்திருப்போம். பீப்பாய்கள் வந்தன, எங்கள் ஆண்களே இறக்கிக் கொடுத்தார்கள்.

அறைகளை எங்கள் கரைக்கு நேர் முன்னால், இறால் மேயும் ஆழமில்லாத இடத்தில் கட்டினார்கள். நங்கூரக் கயிறுகளில் வலைகள் சிக்கிக் கிழிந்தன. பிறகு சுற்றிவரச் செம்மஞ்சள் மிதவைகள் போட்டு, உள்ளே தோணி வரக்கூடாது என்றார்கள். விருந்தினர் உறங்குவதால் விடியற்காலையில் எஞ்சின் போடக்கூடாதாம். இறால்காரன் வேறு எப்போது போவான்?

என் கணவர் மனேஜரிடம் போய்க் கேட்டார்.

"உங்கட காணி உங்களுக்கிட்டதானே ஈக்குது, நானா?" என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அந்தச் சிரிப்பை நான் மறுமையிலும் மன்னிக்க மாட்டேன்.

கண்டல்கள் இன்னும் பச்சையாகத்தான் நிற்கின்றன. வருகிறவர்கள் அவற்றைப் படம் பிடித்துக்கொண்டு, நல்ல வேலை செய்திருக்கிறார்கள் என்று கம்பனியைப் புகழ்கிறார்கள். என் கணவர் தோணியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாலாவி உப்பளத்துக்குக் கூலிக்குப் போகிறார். பக்கத்து வீட்டார் காணியைக் கம்பனிக்கே விற்றுவிட்டார்கள். அங்கே இப்போது விருந்தினரின் வாகனங்கள் நிற்கின்றன.

போன மாதம் ஒரு பின்னேரம், கால் வெடிப்பில் உப்பு எரிய எரிய வந்து உட்கார்ந்தவர் என் முகத்தைப் பாராமல் கேட்டார்: "நாங்களும் குடுத்திட்டுப் போவமா?"

காணி காணி என்று உயிரை விட்ட மனிதர். எனக்கு அழுகையை விடக் கோபம்தான் வந்தது.

"எங்க போறது?" என்றேன்.

தொண்ணூறில் ஒலிபெருக்கியில் அறிவித்து, துவக்கோடு நின்று எங்களைப் போகச் சொன்னார்கள். இந்த முறை போகச் சொல்லி ஒருவரும் வரவில்லை. மறுநாள் காலையில் நாங்கள் இருவரும் மனேஜரின் கந்தோர் வாசலில் நின்றோம், எங்கள் காணியையும் எடுத்துக்கொள்ளச் சொல்லி.