நாக்கு நுனியில் தொட்ட சோப்பு

பள்ளி விடுமுறைக்குப் புளியஞ்சோலைப் பக்கம் என் அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன். காலைக் காப்பி ஆறுவதற்குள் வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். முழங்கால் வரை சேறு. மலை மேலிருந்து இறங்கியவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. "டீச்சரம்மா, நர்சம்மா தவறிட்டாங்க. காய்ச்சலுங்க. நீங்க வந்து முகம் பார்க்காம எடுக்கக் கூடாதுன்னு கவுண்டர் வீட்டு நல்லக்கா சொல்லிப்போட்டாங்க" என்றார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஊரில் யார் தும்மினாலும் கஷாயத்தோடு போய் நிற்பவள், தன் காய்ச்சலை மட்டும் யாரிடமும் சொல்லாமல் போர்த்திப் படுத்திருக்கிறாள். அவரோடு மலையேறும்போது வழி நெடுக அவளைத் திட்டிக்கொண்டே போனேன். பாதி வழியில் திட்டு தீர்ந்துவிட்டது. அப்புறம் அழுதேன்.

விசாலாட்சியோடு படித்தவர்களும், அவளுக்கு முன்னும் பின்னும் இந்த மலையில் வேலை பார்த்தவர்களும் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். வாழவந்தி நாட்டில் ஓர் ஓட்டு வீட்டில் நானும் அவளும் ஒன்றாகக் குடியிருந்தோம். நான் பள்ளிக்கூடம் நடத்தினேன், அவள் பிரசவம் பார்த்தாள். இளம் வயதிலேயே கணவனை இழந்தவள், சுத்த சைவம், என்னைப் போலவே வாயாடி. அவள் வந்த புதிதில் உலகச் சண்டைக் காலம். மண்ணெண்ணெய் மலையேறுவது நின்றுபோயிற்று, சோப்பும் நின்றுபோயிற்று. அதற்கு முந்தைய வருஷம்தான் ஊர்க்கவுண்டர் வீட்டு மூத்த மகள் பிள்ளை பெற்ற பின் காய்ச்சல் கண்டு இறந்திருந்தாள். இளைய மகள் பொன்னி இப்போது முழுகாமல் இருந்தாள். "சோப்புப் போட்டுக் கை கழுவாம நான் அந்தப் பொண்ணைத் தொட மாட்டேன்டி கமலம். கிடைக்கலைன்னா நாமே காய்ச்சுவோம்" என்றாள் விசாலம். காய்ச்சத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

வாழைமரத்தை வெட்டிக் காயவைத்து எரித்தோம். அந்தச் சாம்பலை ஓட்டைப் பானையில் போட்டு, தண்ணீர் ஊற்றி, சொட்டுச் சொட்டாக வடித்து, சுண்டக் காய்ச்சினோம். சாம்பல் நீரின் காரம் போதுமா என்று பார்க்க முட்டையை மிதக்கவிட வேண்டும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கவுண்டரின் மனைவி நல்லக்காவிடம் ஒரு முட்டை இரவல் வாங்கினாள். அதை வாழையிலையால் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு பானைக்குள் விட்டாள். முட்டை மிதந்தது. அதைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி குளித்துவிட்டு வந்தாள். நான் சிரித்த சிரிப்பில் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

விளக்கெண்ணெயை ஊற்றிக் கிண்டும் நாளில் நல்லக்கா வேடிக்கை பார்க்க வந்தாள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் ஆகாது. "இதென்னங்க, களி மாதிரித்தானே இருக்குது" என்று துடுப்பைப் பிடுங்கிக் கிண்டத் தொடங்கினாள். எங்களைவிட நன்றாகவே கிண்டினாள். களி வெந்ததா என்று பார்க்க என்ன செய்வார்கள்? கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டுப் பார்ப்பார்கள். அவளும் அப்படியே தொட்டாள். கொதிக்கிற காரம் விரலைப் பிடித்துக்கொண்டது. விசாலம் அவள் கையைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டு அழாத குறையாக, "களிக்குக் கையி, சோப்புக்குக் குச்சி. மறந்துடாதீங்க நல்லக்கா" என்றாள். பிற்பாடு யார் சோப்புக் காய்ச்சக் கேட்டு வந்தாலும் முதல் பாடம் அதுதான்.

சாம்பல் நீரில் காய்ச்சிய சோப்பு கட்டியாகாது என்பது எங்களுக்குத் தெரியாது. இறுகும், வில்லை போடலாம் என்று காத்திருந்து ஏமாந்தோம். கடைசியில் கொட்டாங்குச்சிகளில் வழித்து வைத்தோம். ஆறியதும் விசாலம் ஒரு துளி எடுத்து நாக்கு நுனியில் தொட்டாள். நான் பதறிப்போனேன். "கடிச்சா இன்னும் வேகணும். கடிக்கலைன்னா பச்சைக் குழந்தைக்கும் போடலாம்" என்றாள். முதல் தடவை காய்ச்சியது கடித்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி அடுப்பில் ஏற்றினாள்.

எண்ணெயெல்லாம் சோப்புக்குப் போனால் விளக்குக்கு என்ன செய்வது? தேன் எடுப்பவர்கள் பிழிந்து எறிகிற அடையை வாங்கி மெழுகாக்கலாம் என்றாள். நல்ல யோசனைதான். ஆனால் பட்டப்பகலில், திறந்த முற்றத்தில் அடுப்பு மூட்டினாள். அடை உருகி வாசனை கிளம்பியதும் காட்டிலிருந்த தேனீயெல்லாம் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்துவிட்டது. நாங்கள் போர்வைக்குள் சுருண்டு கிடந்தோம். அதற்குப் பிறகு அடையைத் தேன் போக அலசி, துணியில் கட்டி, கதவைச் சாத்திக்கொண்டு வெந்நீரில் காய்ச்சினோம். மேலே மிதந்து உறைந்த மெழுகை உருக்கி, பிளந்து கட்டிய மூங்கில் குழாயில், நடுவே திரி நிறுத்தி ஊற்றினோம். மூங்கிலை முன்கூட்டியே ஊறவைக்காவிட்டால் மெழுகு ஒட்டிக்கொள்ளும். அதையும் இரண்டு மெழுகுவத்தியை உடைத்துத்தான் கற்றோம்.

இதற்குள் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. சோப்பில் மாட்டுக் கொழுப்பு சேர்க்கிறார்கள் என்று சந்தைக்குப் போனவர்கள் கேட்டு வந்தார்களாம். ஊர்க்கவுண்டர் வந்து முற்றத்தில் நின்றார். நல்ல மனிதர், ஆனால் சொன்னால் சொன்னதுதான். "ஏனுங்க நர்சம்மா, பொன்னியோட பிரசவக் குடிசைக்குள்ள நீங்க வரலாமுங்க. அந்தச் சோப்பு வரக் கூடாதுங்க. எங்க சாமிக்கு ஆகாதுங்க."

"சோப்பு வரலைன்னா நானும் வரலைங்க" என்றாள் விசாலம். வராமல் இருக்க அவளால் முடியாது என்பது எனக்குத் தெரியும், அவருக்குத்தான் தெரியாது.

அப்போது நல்லக்கா, ஆறாத விரலோடு, புருஷனுக்கு முன்னால் வந்தாள். "நாந்தானுங்க அதைக் கிண்டினேன். அதுல என்ன கெடக்குதுன்னு எனக்குத் தெரியும். இந்தம்மா முட்டையைத் தொட்டதுக்கே தலை முழுகினவங்க. ஒவ்வொரு தடவையும் அந்தச் சோப்பை நாக்குல வெச்சுப் பார்க்கறாங்க. கொழுப்பா இருந்தா வாயில வெப்பாங்களா? மூத்தவளைத்தான் கொடுத்துட்டோம். இவளையும் கொடுக்கோணுமா, சொல்லுங்க."

கவுண்டர் ஒரு கொட்டாங்குச்சியைத் தானே கையில் எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

பொன்னிக்கு வலி கண்டபோது நான் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எரியும்போது தேன் மணத்தது. விசாலம் முழங்கை வரை நுரை போட்டுக் கழுவினாள், நல்லக்காவையும் கழுவச் சொன்னாள். பெண் குழந்தை. காய்ச்சல் வருகிறதா என்று விசாலம் தினமும் போய்ப் பொன்னியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். காய்ச்சல் வரவேயில்லை. குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு பொன்னி சாமைக் காட்டுக்குப் போன அன்று, விசாலம் வீட்டுக்குள் வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். அவ்வளவு பயம் அவளுக்குள் இருந்தது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நான் மலையேறிச் சேர்ந்தபோது அவளைக் குளிப்பாட்டத் தயாராக வைத்திருந்தார்கள். தலைமாட்டில் எங்கள் மெழுகுவத்தி எரிந்தது. அதை வார்த்த மூங்கில் அச்சு இப்போது என் பெட்டியில் இருக்கிறது. சண்டை முடிந்து கடைச் சோப்பு மறுபடி மலைக்கு வரத் தொடங்கியிருந்தது. யாரோ ஒரு வில்லையை நீட்டினார்கள். "அது வேண்டாமுங்க" என்று நல்லக்கா தான் காய்ச்சிய சோப்புக் கொட்டாங்குச்சியைக் கொண்டுவந்தாள். ஒரு துளி எடுத்துத் தன் நாக்கு நுனியில் வைத்து, சற்று நேரம் பொறுத்தாள். பிறகு விசாலத்தின் கைகளை எடுத்து, முழங்கை வரை நுரை போட்டாள். "கைக்குத்தாங்க மொதல்ல போடோணும். கை கழுவாம எங்கயும் போக மாட்டாங்களே" என்றாள்.

மீதிச் சோப்பை என்னிடம் கொடுத்தாள். நானும் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தேன். கடிக்கவில்லை.