பெனிட்டா நின்ற மூன்று செகண்ட்

1. ஒரே ஒரு கட்டம்

எனக்கு இருபத்தெட்டு வயது. ரிட்டயர்டு. சிரிக்காதீர்கள். எங்கள் தொழிலில் இருபத்தைந்தைத் தாண்டினாலே பெரியவர்கள் வரிசைதான். இப்போது காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் கேமிங் சென்டரில் கோச்சிங் கொடுக்கிறேன். வாரத்துக்கு ஒருவராவது வந்து, "அக்கா, ப்ரோ ஆவணும்னா எந்த கேம் எடுக்கலாம்?" என்று கேட்கிறார்கள். அதே கேள்விக்கு, அதே மாடியில், நான் ஒருமுறை பொறாமையில் பதில் எழுதினேன்.

அப்போது எனக்கு இருபது. பெங்களூரில் ஒரு டீம் பெண்களுக்கு ட்ரையல் வைத்தது. ஆன்லைனில் ஒரு ஃபாரம். பெயர், ஊர், போன் நம்பர், அதற்குக் கீழே 'எந்த கேம்?' என்று ஒரு கட்டம். கடைசிவரை உயிரோடு நிற்கிறவர் ஜெயிக்கும் மொபைல் பேட்டில் ராயல், அல்லது ஐந்துக்கு ஐந்து பேராகக் கம்ப்யூட்டரில் சுட்டுக்கொள்ளும் பிசி ஷூட்டர். ஒன்றைத்தான் தொட முடியும்.

பக்கத்து நாற்காலியில் பெனிட்டா. ஓரிக்கைக்காரி, பாலிடெக்னிக்கில் என் பெஞ்சு, மூன்று வருஷமாக மொபைல் கேமில் என் ஜோடி.

"தேவி, பிசி போடுடி. நீ கத்து, நான் சுடறேன். ரெண்டு பேரும் ஒரே டீம்ல இருக்கலாம்."

"வூட்ல கேட்டுட்டுப் போடறேன்டி" என்றேன். வீட்டில் கேட்க ஒன்றும் இல்லை. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், அவருக்கு மொபைலும் பிசியும் ஒன்றுதான்.

2. பெனிட்டாவும் டீமும்

நாங்கள் எப்படி ஆடினோம் என்று சொன்னால்தான் மற்றது புரியும்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையம். இடதுபக்க வீட்டில் இரண்டு தறி, வலதுபக்க வீட்டில் மூன்று. காலையிலிருந்து சாயந்திரம் வரை டக், டக். அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கேமில் எதிராளி நடந்து வரும் காலடியைப் பிரித்துக் கேட்கப் பழகினேன். வேறு வழி இல்லை. அதனால் எனக்குக் காது வந்தது. கை வரவில்லை. என் விரல் எப்போதும் அரை நொடி லேட்.

ஆகவே இரண்டு பேர் ஆட்டத்தில் நான் முதலில் செத்துவிடுவேன். செத்தவர் தன் ஜோடியின் ஸ்கிரீனைப் பார்க்கலாம், பேசலாம். நான் பெனிட்டாவின் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு, காலடியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "இரு... இரு... மாடிப்படியில வந்துக்கினு இருக்கான்... இப்போ!" அந்த 'இப்போ' வரும்வரை அவள் விரலை அசைக்க மாட்டாள். வந்ததும் சுடுவாள். தப்பவே தப்பாது.

ஆட்டம் முடிந்ததும் ஸ்கிரீனில் கணக்கு வரும். பெனிட்டா பதினொன்று, தேவி ஒன்று. 'இப்போ' சொன்னதற்கு அந்தப் பட்டியலில் கட்டம் கிடையாது.

சென்டர் ஓனர் செந்தில் அண்ணன் பின்னால் நின்று பார்ப்பார். "பெனிட்டா கை இருக்குதே, அது கை இல்லப்பா, மிஷினு!" என்பார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீயும் நல்லாத்தான் கத்திக்கினு இருக்கிற" என்பார். மனுஷன் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு காலேஜ் விழாவில் நாங்கள் முதல் பரிசு வாங்கினோம். மறுநாள் அந்தக் காலேஜ் வாசலில் ஃபிளெக்ஸ் கட்டினார்கள். 'வாழ்த்துகிறோம், பெனிட்டா & டீம்.' அந்த '& டீம்' நான்தான். பஸ்ஸில் அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன். பெனிட்டா அதைப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, உன் பேரு எங்க?" என்று காலேஜுக்கே போன் போட்டுச் சண்டை போட்டாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

3. என் கணக்கு

இப்போது என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தருகிற முறைப்படி அந்த இரண்டு கேமையும் வைத்துப் பார்ப்போம்.

மொபைலில் போன் போதும். ஆடுகிற கூட்டம் அதிகம், போட்டிகளும் அதிகம். ஆனால் பெண்களுக்கென்று டீம் அப்போது ஏறக்குறைய இல்லை. என்றைக்கு கேமையே தடை செய்வார்கள் என்றும் தெரியாது. பிசி ஷூட்டருக்கு நல்ல மிஷின் வேண்டும், நல்ல இணைப்பு வேண்டும். ஆனால் பெண்களுக்குத் தனிப் போட்டி இருந்தது, மாதச் சம்பள டீம் இருந்தது. முக்கியமாக, அது ஒவ்வொரு ரவுண்டும் திட்டம் போட்டு ஆடுகிற ஆட்டம். காலடியைக் கேட்டு, அவன் எங்கே வருகிறான், எப்போது போகலாம் என்று சொல்கிறவர்தான் அந்த டீமுக்கு மூளை. அந்த வேலைக்கென்றே பிறந்தவள் மாதிரி நான் இருந்தேன். எனக்கும் அது தெரியும்.

தெரிந்தே மொபைலைத் தொட்டேன். ஏன்? பெனிட்டா பிசி போட்டிருந்தாள். அவள் இல்லாத இடமாக ஒன்று எனக்கு வேண்டும். என் பெயருக்கு மேலே அவள் பெயர் வராத ஒரு பட்டியல் வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

அவளிடம், "எனக்கு மொபைல்தான்டி செட்டாவும். மவுஸ் எனக்கு வர்லை" என்றேன்.

"எனக்கு மட்டும் வருதா? நீ கூட இருப்பேன்னுதான் போட்டேன்" என்றாள். ஃபாரம் போய்விட்டது. மாற்ற முடியாது.

4. இரண்டு நோட்டு

ட்ரையலில் பெனிட்டாவை எடுத்துக்கொண்டார்கள். என்னைக் கழித்துவிட்டார்கள்.

அடுத்த இரண்டு வருஷம் நான் மூன்று பையன்களோடு சேர்ந்து மொபைல் போட்டிகளுக்குப் பெயர் கொடுத்தேன். "லெஃப்ட்ல போவாதீங்கப்பா, ஆள் இருக்குது" என்பேன். மூன்று பேரும் லெஃப்டில் போய்ச் சாவார்கள். "இன்னா தேவி, நீ சும்மா விழுந்தவன எழுப்பி ரிவைவ் மட்டும் பண்ணு" என்பார்கள். ஒரு போட்டியிலும் இரண்டாவது சுற்றைத் தாண்டவில்லை.

பெனிட்டா முதுகில் பெயர் போட்ட ஜெர்சி போட்டாள். விமானத்தில் போனாள். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். மார்க்கெட்டில் என்னைப் பார்த்தால் நிறுத்திவைத்து, "பெனிட்டா டெல்லியில இருக்குதுமா, உன்ன ரொம்ப விசாரிச்சுது" என்பார். நான் சிரிப்பேன். கையிலிருக்கும் கத்திரிக்காய் நசுங்கும்.

அவள் ஆடுகிற மேட்ச் எல்லாவற்றையும் பார்த்தேன். வாழ்த்த இல்லை. தப்புப் பிடிக்க. ஒரு நோட்டு வாங்கி, அவள் செய்கிற ஒவ்வொரு பிழையையும் எழுதினேன். நான்காவது ரவுண்டில் அவசரப்பட்டாள். ஒன்பதில் புகைக்குண்டை வீணாக்கினாள். ஒரு நோட்டு தீர்ந்து இன்னொன்று வாங்கினேன். இரண்டாவது நோட்டின் நடுவில் சிவப்புப் பேனாவால் கட்டம் கட்டி ஒன்று எழுதியிருந்தேன்: 'டீமில் மற்ற நாலு பேரும் செத்து இவள் கடைசி ஆளாக நின்றால், மூணு செகண்ட் அசைய மாட்டாள். எப்போதும்.'

எதனால் என்று யோசிக்கவே இல்லை. தப்பு கிடைத்துவிட்டது, அந்தச் சந்தோஷம் எனக்குப் போதுமாக இருந்தது.

5. கோச் கேட்ட கேள்வி

கடைசியில் பிசி ஷூட்டருக்கே மாறினேன். அவள் இருக்கும் இடத்திலேயே அவளைத் தோற்கடிக்க வேண்டும் என்ற வெறி. சென்னையில் ஒரு பெண்கள் டீமின் ட்ரையலுக்குப் போனேன். மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. கோச் ரமேஷ் சார் ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிறவர்.

"ஐடியா எல்லாம் சூப்பரா இருக்குதும்மா. கை லேட்டு. ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா கைய ரெடி பண்ணியிருக்கலாம். உக்காரு, டீ குடிச்சிட்டுப் போ."

டீ குடிக்கும்போது அடுத்த வாரம் ஆடவேண்டிய எதிர் டீமின் பழைய மேட்ச் பெரிய ஸ்கிரீனில் ஓடியது. பெனிட்டாவின் டீம். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இப்ப படிக்கட்டுக்குப் பின்னாடி போவா" என்றேன். போனாள். "வலது பக்கம் குண்டு போடுவா." போட்டாள். அறையில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எப்படிம்மா தெரியும்?" என்றார் கோச்.

பையிலிருந்த இரண்டு நோட்டையும் எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் பத்துப் பக்கம் புரட்டினார். "பிளேயரா வேணாம். அனலிஸ்டா வந்துடு" என்றார். எதிர் டீமின் ஆட்டத்தைப் பார்த்து அவர்களின் பழக்கங்களைக் கண்டுபிடித்துச் சொல்கிறவருக்கு எங்கள் தொழிலில் அனலிஸ்ட் என்று பெயர். என் பொறாமைக்குச் சம்பளம் கொடுக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டார்.

6. முதல் மேட்ச்

சென்னையிலேயே போட்டி. மேடையில் இந்தப் பக்கம் ஐந்து பெண்கள், அந்தப் பக்கம் ஐந்து பெண்கள். நான் பின்னால் ஓர் அறையில். பெனிட்டா வரும்போதே என்னைப் பார்த்துவிட்டாள். ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "கடைசியில பிசிக்கு வந்துட்டியேடி! சொல்லவே இல்ல பாரு!" நான் கழுத்தில் மாட்டியிருந்த கார்டைத் திருப்பி வைத்துக்கொண்டேன். அதில் 'அனலிஸ்ட்' என்று இருந்தது.

எங்கள் பெண்களிடம் முந்தின நாளே சொல்லியிருந்தேன். "அவ கடைசி ஆளா நின்னா ஒளியாதீங்க. மூணு செகண்ட் சும்மா நிப்பா. உடனே ரெண்டு பக்கத்துலேர்ந்தும் அவ மேல ஏறிடுங்க."

அப்படியே நடந்தது. நான்கு முறை அவள் கடைசி ஆளாக நின்றாள். நான்கு முறையும் எங்கள் பெண்கள் ஏறினார்கள். நான்கு முறையும் துப்பாக்கியைப் பிடித்தபடி, சுடாமல் செத்தாள். நான்காவது முறை செத்தபோதுதான் ஜெயித்தோம். கோச் என் முதுகில் தட்டினார். அந்தக் கணம் எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை மறைக்க மாட்டேன். மூன்று வருஷமாகக் கணக்கில் ஒன்றாக நின்ற தேவி, அன்றைக்குப் பட்டியலிலேயே இல்லாமல் பதினொன்றைச் சாய்த்தாள்.

கைகழுவும் இடத்தில் பெனிட்டா நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் தண்ணீர். கார்டை இந்தத் தடவை படித்துவிட்டாள்.

"அந்த மூணு செகண்ட், நீதான சொன்ன?"

"ஆமா. என் வேலை அது."

"தெரியும். கோவம் இல்ல." டிஷ்யூவால் முகத்தைத் துடைத்தாள். "எதுக்கு நிக்கிறேன்னும் சொன்னியா அவங்ககிட்ட?"

நான் கார்டைக் கழற்றிப் பையில் போட்டேன்.

"கடைசி ஆளு நின்னா டீம்ல யாரும் பேசக்கூடாதுன்னு எங்க கோச் ரூல் போட்டிருக்காரு. எல்லாரும் கம்முனு ஆயிடுவாங்க. ஹெட்செட்ல ஒண்ணுமே கேக்காது. எனக்கு விரல் ஓடாதுடி. நீ 'இப்போ'ன்னு சொல்லணும்னு தோணிக்கினே இருக்கும். ரெண்டு வருஷமா முயற்சி பண்றேன், அது போவ மாட்டேங்குது."

அதற்குள் அவளை யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டாள். குழாயை மூட மறந்திருந்தாள். நான் மூடினேன்.

7. அடுத்த சீசன்

அடுத்த சீசனிலும் அவர்கள் டீமோடு மோதினோம். அதே குறிப்பைத்தான் கொடுத்தேன். வேறு என்ன கொடுப்பது, சம்பளம் வாங்குகிறேன். ஆனால் பின்னறையில் உட்கார்ந்து நான் வேண்டிக்கொண்டது எங்கள் டீம் ஜெயிக்க வேண்டும் என்று இல்லை. அவள் அந்த மூன்று செகண்ட் நிற்க வேண்டும் என்று. அந்த ஓர் இடமாவது எனக்கு இருக்கட்டும் என்று.

ஆறாவது ரவுண்டில் அவள் கடைசி ஆளானாள். எங்கள் பெண்கள் இரண்டு பேர் ஏறினார்கள். என்னை அறியாமல் நான் மெதுவாக, "இரு... இரு..." என்றேன். இரண்டாவது 'இரு' முடிவதற்குள் அவள் திரும்பி ஒருத்தியைச் சுட்டாள், நகர்ந்து இன்னொருத்தியையும் சுட்டாள். அரங்கம் கத்தியது. என் 'இப்போ' வாயிலேயே நின்றுவிட்டது.

அன்றைக்கு எனக்கு வந்த பொறாமை அதற்குமுன் வந்ததில்லை. அவள் புகழைப் பார்த்து இல்லை, ஜெர்சியைப் பார்த்து இல்லை. நான் இல்லாமல் ஆடக் கற்றுக்கொண்டாளே என்றுதான்.

எங்கள் டீமைக் கலைத்த பிறகு ஊருக்கு வந்துவிட்டேன். பெனிட்டா இன்னும் ஆடுகிறாள், ஜெயிக்கிறாள். நான் இன்னும் பார்க்கிறேன். நோட்டு வாங்குவதில்லை.

ஆக, எந்த கேம் எடுக்கலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் கையையோ காதையோ சோதிப்பதில்லை. "உன் ஃபிரெண்டு எந்த கேம் எடுக்கறா?" என்று கேட்கிறேன். சொல்லும்போது முகத்தைப் பார்ப்பேன். எரிச்சல் தெரிந்தால், "அதையே எடு. அவ பக்கத்துலயே உக்காரு" என்பேன். உன் பெயர் கீழேதான் வரும். வரட்டும். 'இப்போ' என்று நீ சொல்வதற்காக ஒருத்தி விரலை அசைக்காமல் காத்திருப்பாள். அந்த வேலை எனக்கு இருந்தது. நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.